இருபத்திரண்டு பேரும் ஆஜர்

அத்தியாயம் 4

ஆள் எண்ணுவதுதான் தன் உத்தியோகம் என்பதைக் கெரிம் மாமனார் வீட்டில் இதுவரை சொன்னதில்லை. நாடாளுமன்றத்தில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். மாப்பிள்ளை ஏதோ சட்டம் இயற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவர்களும் பெருமையாக இருந்தார்கள்.

"இருபத்திரண்டு," என்றான் கெரிம். "மூணு தடவை எண்ணிட்டேன் அக்கா. காகிதத்துல இருபத்திரண்டு, நாற்காலியில இருபத்திரண்டு. அடையாள அட்டைகூட எல்லார் கழுத்துலயும் தொங்குது. எனக்கே இன்னும் அட்டை வரல."

அவன் அக்கா என்று அழைத்தது ஊல்கானை. நாடாளுமன்றத்தின் அரசுச் செலவு மற்றும் பணியிடக் குழுவின் ஆய்வாளர் அவள், கெரிம் அவளுடைய உதவியாளன். நாற்பத்தாறு வயது, குள்ளம், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. தலைநகர் பிஷ்கெக்கில் எந்த அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தாலும் சீட்டாட்டம் நின்று கோப்புகள் திறக்கும். இப்போது அவள் மலை ஊற்றுகள் பதிவுத் துறையின் நடைக்கூடத்தில் நின்று, சட்டைப் பையிலிருந்த கடிதத்தை நான்காவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்தில்லாத கடிதம்.

'வியாழக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் துறையில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள். ஐந்து பேரும் வேலை செய்கிறவர்கள். வேலைக்கே வராதவர்கள் மிஞ்சுவார்கள். ஐவரில் நானும் ஒருத்தி. பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இந்தச் சம்பளத்தில்தான் என் மகள் படிக்கிறாள். ஒருமுறை வந்து பாருங்கள்.'

துறைக்கு ஐந்து பேரைக் குறைக்க வேண்டும் என்பது இந்த வருஷத்து நாடாளுமன்ற உத்தரவு. யாரை என்று இயக்குநர்தான் பட்டியல் தருவார். குழு அதை வாசித்து, தலையாட்டி, கை தூக்கும். இன்று வியாழன். மணி பன்னிரண்டரை. எழுதியவளுக்கு மிச்சமிருந்தது இரண்டரை மணி நேர உத்தியோகம்.

"கடுதாசி பொய்யா இருக்கலாம்ல?" என்றான் கெரிம்.

"இருக்கலாம். கீழ பாரு."

கெரிம் கீழே பார்த்தான். மார்ச் மாதச் சேறு. வாசலில் ஒரு மரத்தட்டு, அதில் வரிசையாக ஈர பூட்ஸ்கள்.

"எத்தனை ஜோடி?"

"பதின்மூணு," என்றான். பிறகு தலையை நீட்டி அறைக்குள் எட்டிப் பார்த்தான். பதின்மூன்று பேர் வீட்டுச் செருப்போடு மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வெளியே போட்டு வந்த பூட்ஸோடு, தரையை அழுக்காக்கிவிட்ட கூச்சத்தில் காலை உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்க வேலை பார்த்த இடத்தில் மாற்றுச் செருப்பு வைத்திருக்காத மனிதனைக் கெரிம் இதுவரை பார்த்ததில்லை.

"இப்ப தேநீர் அலமாரி."

அலமாரியில் பதின்மூன்று கோப்பைகள் இருந்தன. பூனைப் படம் போட்டது, கைப்பிடி உடைந்தது, 'உலகின் சிறந்த கணக்காளர்' என்று எழுதியது. ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரரின் பெயர் நெயில் பாலிஷால் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுக் கிண்ணங்கள் ஒன்பது.

"பதின்மூணும் ஒன்பதும் இருபத்திரண்டு," என்றான் கெரிம். "அக்கா, நான் சட்டம் இயற்றலாம்னு நினைக்கறேன்."

"இயற்று. ஆனா செருப்பையும் கோப்பையையும் கொண்டுபோய்க் குழு முன்னால வச்சா சிரிப்பாங்க. அவங்கள்ல ஒருத்தர் வாயால வரணும்."

அப்போது இயக்குநர் ஒரோஸ்பாய் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அகலமான மனிதர், அதைவிட அகலமான சிரிப்பு.

"எண்ணி முடிச்சாச்சா தங்கச்சி? நூருஸ், புது வருஷப் பண்டிகை வருதில்ல, இன்னைக்கே ஆபீஸ்ல ஒரு ஆடு போட்டுட்டோம். உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

"ஆய்வுக்குப் போற இடத்துல சாப்பிடக் கூடாதுண்ணே. விதி."

"ரொட்டியாவது தொடணும்."

ரொட்டியை மறுக்கிற விதியை எந்த நாடாளுமன்றமும் இங்கே போட முடியாது. ஊல்கான் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டாள். கெரிம் இரண்டு விள்ளல் போட்டான், ஒன்று தன் சார்பாக, ஒன்று சட்டத்தின் சார்பாக.

பெரிய அறையில் நீள மேசை போட்டிருந்தது. இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், புத்தம் புதிய வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருக்கு இயக்குநரே தேநீர் ஊற்றிக் கொடுத்தார், அதுவும் இரண்டு கையாலும், அரைக் கிண்ணம்தான்; ஆற ஆற மறுபடி ஊற்றித் தருவதுதான் இங்கே பெரிய மரியாதை. கெரிம் சும்மா போகிற மாதிரி போய் அவர் கழுத்து அட்டையை வாசித்துவிட்டு வந்தான்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் ஊல்கான் உதடு அசையாமல்.

"கடைநிலை எழுத்தர். நான் இந்தத் துறையில சேர்ந்துரலாம்னு பாக்கறேன். கடைநிலைக்கே இயக்குநர் டீ ஊத்தறார்னா, மேல போனா குளிப்பாட்டி விடுவாங்க போல."

ஊல்கானின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே கெரிம் ஓரடி பின்வாங்குவான். அது வந்தால் அடுத்து மாட்டப்போவது தான்தான் என்று ஆறு வருஷ அனுபவம் அவனுக்குச் சொல்லியிருந்தது.

"அண்ணே," என்றாள் அவள் சத்தமாக. "நாங்க சாப்பிடத்தான் கூடாது. பரிமாறலாம். எங்க கெரிம் எலும்புப் பங்கு வைக்கறதுல கெட்டிக்காரன். அவங்க வம்சத்துல இருபது வருஷமா இவன்தான் வைக்கறான்."

"பேஷா வைக்கட்டும்," என்றார் இயக்குநர்.

கறித் தட்டு ஆவி பறக்க வந்தது. கெரிம் கத்தியைக் கையில் எடுத்தபோது ஊல்கான் பணியாளர் பட்டியலை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"பதவிப்படி வை. மேலேர்ந்து கீழ."

கெரிமின் கை நின்றது. ஆட்டின் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு முறை உண்டு. இரண்டு இடுப்பெலும்பும் மூத்த ஆண்களுக்கும் சம்பந்திகளுக்கும். வாலெலும்பு மூத்த பெண்மணிக்கு. கால், தோள்பட்டை என்று வயது குறையக் குறைய இறங்கும். கழுத்தெலும்பை விருந்தாளி முன்னால் வைப்பதே கிடையாது, அது சமையல்காரன் பங்கு. தவறான எலும்பை வைத்ததால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் அவன் வம்சத்திலேயே இரண்டு ஜோடி இருந்தார்கள்.

"அக்கா, கேஸ் போட்டு ஜெயிலுக்குக்கூட அனுப்புங்க. இது வேணாம்," என்று கிசுகிசுத்தான்.

"அரசாங்க ஆபீஸ். அரசாங்க வரிசை. வை."

கெரிம் மனதுக்குள் தன் முன்னோர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பட்டியலை விரித்தான். "இயக்குநர், இடுப்பெலும்பு. துணை இயக்குநர், இடுப்பெலும்பு." சிரிப்பு கேட்டது. கணக்காளர், பொறியாளர், காவலர் என்று அவன் கூப்பிடக் கூப்பிட சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. தட்டச்சு உதவியாளர் என்ற அட்டையோடு இருந்த எழுபது வயது அம்மாள் முன்னால் ஒரு விலா எலும்பு போய் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். ஊற்று அளவையாளர் என்று ஒரு பெண் வாசலோரம் கை நீட்டினாள், முதுகெலும்புத் துண்டு ஒன்று அவளுக்கு. வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். கடைசியாகக் கெரிம் வெள்ளைத் தொப்பிக்காரரிடம் போனான்.

"கடைநிலை எழுத்தர்," என்றான். "கழுத்து."

வெள்ளைத் தொப்பிக்காரர் கழுத்தெலும்பைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார். புறப்படுகிறவர் செய்கிற காரியம் அது.

இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. ஆவணம், அட்டை, ஒன்பது புதுக் கிண்ணம் என்று எல்லாவற்றையும் யோசித்து ஏற்பாடு செய்த மனிதர், இந்த ஒரு எலும்புக்கு ஆட்டம் கண்டுவிட்டார். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடி வந்தார்.

"சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. இவனுக்கு முறை தெரியல. இந்தாங்க, என் இடுப்பெலும்பை எடுத்துக்குங்க. பொண்ணு உங்க வீட்டுல வாழணும்."

"ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துட்டுப் போங்கன்னுதான் சொன்னீங்க," என்றார் சம்பந்தி. "சமையல்காரன் பங்கைத் தின்னணும்னு சொல்லல. மாசா மாசம் என் பேர்ல சம்பளம் வாங்கிக்கறதும் நீங்கதான். நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

ஊல்கான் மெதுவாக எழுந்தாள்.

"இந்த ஆபீஸ் அலமாரியில கோப்பையும் மேசைக்கடியில செருப்பும் இல்லாதவங்க எழுந்திருங்க."

ஒன்பது பேர் எழுந்தார்கள். வாசலோரப் பெண் கடைசியாக, கறித் துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கம்மா," என்றாள் ஊல்கான். வெற்றி அவள் காதை அடைத்திருந்தது. அட்டைகளைப் பார்த்து ஒன்பது பெயரையும் எழுதி, அங்கேயே நின்று குழுச் செயலருக்குத் தொலைபேசியில் வாசித்தாள். ஒன்பது போலிப் பணியிடங்கள் ரத்து, ஐந்து பேர் குறைப்பு தேவையில்லை. இயக்குநர் ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் வாயைத் திறந்து, பிறகு ஏனோ மூடிக்கொண்டதைக் கெரிம் கவனித்தான். அப்போது அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை.

காரில் ஏறியதும் கெரிமுக்குப் பசி தெரிந்தது. அந்தக் கடுப்பை ஆற்ற இரண்டு பட்டியல்களையும் மடியில் வைத்து வாசித்தான். ஒன்று ஊல்கான் எழுதிய ஒன்பது போலிகள். இன்னொன்று வீட்டுக்கு அனுப்ப இயக்குநர் தந்த ஐந்து பேர். ஊல்கான் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சொந்தக்காரங்க பேர்ல வர்ற சம்பளத்தைக் காப்பாத்தத்தானே அந்த ஆள் இவ்வளவும் பண்ணாரு?"

"ஆமா."

"அப்ப தன் சொந்தக்காரங்கள்ல ஒருத்தரைத் தானே ஏன் வெட்டுவாரு?"

"என்ன உளர்றே?"

"பாத்மா சத்தாரோவா. ஊற்று அளவையாளர். ரெண்டு பட்டியல்லயும் இருக்கா."

பாட்டு நின்றது. ஊல்கான் நடுச்சாலையில் காரை நிறுத்தினாள். பின்னால் வந்த சிற்றுந்து ஓட்டுநர் அவளுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஊத்து அளக்கறவளுக்கு ஆபீஸ்ல எதுக்குடா கோப்பை?" என்றாள் ஊல்கான். குரல் அவளுடையதாகவே இல்லை. "எதுக்குச் செருப்பு? அவ மலையிலல்ல இருப்பா."

கெரிமுக்குக் கேலி ஒன்று தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது பாத்மா இன்னும் அலுவலகப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த கன்னம், நாற்பது தாண்டிய வயது, முழங்கால்வரை சேறு. தின்னாத கறியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி எழுதினது நீங்களா?" என்றாள் ஊல்கான்.

"நான்தான். வேலை நீக்கக் காகிதம் வாங்கிக்க இன்னைக்கு வரச் சொன்னாங்க. நேத்தே கிளம்பி வந்தேன்."

"ஏன்மா உரக்கச் சொல்லல?"

"நீங்க கோப்பை இல்லாதவங்க எழுந்திருக்கச் சொன்னீங்க. எனக்கு இங்க கோப்பை இல்ல. பத்தொன்பது வருஷத்துல யாரும் ஒண்ணு வச்சிருக்கியான்னு கேட்டதும் இல்ல. அதனால எழுந்தேன்."

ஊல்கான் தலை குனிந்து நின்றாள். எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்தவள். தப்பு தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். பாத்மா பையில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

செயலரின் தொலைபேசி அணைந்திருந்தது. கூட்டத்துக்கு அரை மணி முன்பே அணைத்துவிடுவார்கள். மணி இரண்டு நாற்பது. அன்று ஊல்கான் கார் ஓட்டிய லட்சணத்தைக் கெரிம் பிறகு எங்கும் சொல்லவில்லை, சொன்னால் ஓட்டுநர் உரிமம் போய்விடும்.

மூன்று ஐந்துக்கு மூவரும் குழு அறைக்குள் நுழைந்தார்கள். சேற்றுக் காலோடு, கறிப் பையோடு பாத்மா நடுவில். செயலர் ஒன்பதாவது பெயரை வாசித்து முடித்திருந்தார். கைகள் பாதி தூக்கப்பட்டிருந்தன.

"ஒரு திருத்தம்," என்றாள் ஊல்கான். "ஒன்பது இல்ல, எட்டு. என் தப்பு. இவங்க நிஜம்."

குழுத் தலைவர் அசான்பெக் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நேர்மையான மனிதர். நேர்மையோடு சேர்ந்த எல்லாத் தொல்லையும் அவரிடம் உண்டு.

"ஊல்கான், இவங்க இல்லேன்னு நீதான் ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னே. அது பதிவாயி, நம்பரும் போட்டாச்சு. இப்ப இருக்காங்கங்கறே. இயக்குநர்கிட்ட பணிச் சான்று வாங்கிட்டு வா, திருத்தலாம்."

"அவர் தர மாட்டாரு."

"அப்ப நான் என்ன பண்றது? வேலை பாக்கறேன்னு வந்து நிக்கறதை வச்சு முடிவு பண்ணா, மத்தியானம் எட்டுப் பேர் நின்னாங்களே, அவங்களையும் வச்சுக்க வேண்டியதுதான்."

பேச்சில் நியாயம் இருந்தது. ஊல்கான் தன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருஷம் ஒரு கை தூக்கலில் போகப்போகிறது.

பாத்மா தொண்டையைச் செருமினாள்.

"ஐயா, உங்க ஊர் கிசில்-சாய் தானுங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பள்ளிக்கூடத்துக்கு மேல ஒரு ஊத்து. இரும்புத் தொட்டி வச்சிருக்கு, உங்க அப்பா வச்சது. செப்டம்பர்ல அது நின்னுபோச்சுங்க. கீழ்ப்பக்கம் புதுசா ஆழ்துளை போட்டிருக்காங்க, அதுதான் இழுக்குது. உங்க ஆபீசுக்கு மூணு தடவை எழுதினேன். பதில் வரல."

"நின்னுபோச்சா? அந்த ஊத்து எங்க தாத்தா காலத்துலயே நின்னதில்லம்மா."

"கேட்டுப் பாருங்க ஐயா."

அசான்பெக் கைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார். எதிரே ஒலிவாங்கி திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அவருடைய அம்மாவின் குரல் நாடாளுமன்றத்தின் சுவர்களிலெல்லாம் பட்டு எதிரொலித்தது.

"யாரு, அசானா? உயிரோடதான் இருக்கியா?"

"அம்மா, நம்ம ஊத்துல தண்ணி வருதா?"

"ஊத்தா? அது போயி ஆறு மாசம் ஆச்சு. தெருக்கோடியிலேர்ந்து வாளியில தூக்கிட்டு வர்றேன். அந்தப் பாத்மாப் பொண்ணுதான் குதிரையில வந்து வந்து பாத்துட்டு, எழுதிக்கிட்டுப் போறா. போன மாசம் பனியில வந்தா, சூப்பு வச்சுக் குடுத்தேன். அரசாங்கத்துலேர்ந்து இந்த வாசப்படி ஏறி வந்தது அவ ஒருத்திதான். நீ எப்ப வரப்போறே?"

உறுப்பினர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் அம்மாவை நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அசான்பெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஞாயித்துக்கிழமை வரேம்மா," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுச் செயலர் பக்கம் திரும்பினார். "எட்டுன்னு மாத்து."

"ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்குங்கய்யா," என்றார் செயலர் தயங்கித் தயங்கி. "அதுல என்ன ஆவணம்னு போடறது?"

"எங்கம்மான்னு போடு."

கைகள் எல்லாம் மேலே போயின. பாத்மாவும் விஷயம் புரியாமல் தன் கையைத் தூக்கினாள். அவளுக்கு ஓட்டுரிமை இல்லை என்று கெரிம் சொல்ல நினைத்தான், பிறகு பேசாமல் இருந்துவிட்டான்.